பொய் சொல்லாத ப்ராக்ரஸ் பார்: ஏஐ வைத்து ஆவணங்களை இறக்குமதி செய்வது

கேள்வி இதுதான். சரக்கு மேலாண்மைக்கான ஒரு வெப் ஆப். சப்ளையர் அனுப்பும் விலைப்பட்டியலைப் பயனர் பதிவேற்றுகிறார். பெரும்பாலும் பிடிஎஃப், சில சமயம் வேர்டு கோப்பு. சர்வர் அதை ஒரு மொழி மாடலுக்கு அனுப்பி, பொருளின் பெயர், அளவு, விலை மூன்றையும் பிரித்தெடுத்து டேபிளில் சேர்க்கிறது. சின்னக் கோப்பு என்றால் ஒழுங்காக ஓடுகிறது. 30, 40 பக்கம் என்றால் இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாதி நேரம் 504 பிழை (உரிய நேரத்தில் பதில் வரவில்லை என்பது) வருகிறது. “டைமர் வைத்து 90 சதவீதம் வரை மெதுவாக நகர்த்தி, பதில் வந்ததும் 100க்குத் தள்ளிவிடலாமா, அல்லது வெப்சாக்கெட் போடவேண்டுமா?”

இரண்டுமே வேண்டாம். 90இல் வந்து நின்றுவிடும் பாரைப் பார்த்துப் பார்த்துப் பயனர்களுக்குப் பழகிவிட்டது. அதை யாரும் நம்புவதில்லை. வெப்சாக்கெட் என்ற திறந்தே இருக்கும் இருவழி இணைப்பைப் போட்டாலும் அதன் வழியே அனுப்ப உங்களிடம் செய்தி எதுவும் இல்லை. இப்போதைய கோடில் (நிரலில்) மொத்த வேலையும் ஒரே ஒரு ஃபங்ஷன் அழைப்பு. அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சர்வருக்கே தெரியாது. சர்வருக்குத் தெரிந்த பிறகுதான் திரைக்குச் சொல்ல முடியும். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டு முடிந்ததையும் டேட்டாபேஸில் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டினால் அதுவே ப்ராக்ரஸ் பார்.

முதலில் அந்த 504. சர்வருக்கு முன்னால் நின்று அழைப்புகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ் இருந்தால், பின்னாலிருந்து 60 விநாடி வரை ஒன்றும் வராதபோது அது இணைப்பை முடித்துவிடும். மாற்றாதவரை அதன் அமைப்பு அப்படித்தான். எண்ணை 300 ஆக்கினால் சரியானதுபோல் தோன்றும். ஆனால் வழியில் இருக்கும் லோட் பேலன்சர் (அழைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிடுவது), சிடிஎன் (பயனருக்கு அருகிலிருந்து கோப்புகளைத் தருவது) ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலக்கெடு உண்டு. பயனர் டேபை மூடிவிட்டால் அதுவரை நடந்த வேலையும் அந்தரத்தில் நிற்கும். ஆகவே பதிவேற்றும் அழைப்பு கோப்பை வாங்கிச் சேமித்து, ஒரு ஜாப் எண்ணைக் கொடுத்து, 202 பதிலோடு உடனே திரும்பிவிடட்டும். ‘வாங்கிக்கொண்டேன், இன்னும் முடிக்கவில்லை’ என்று சொல்வதற்கென்றே எச்டிடிபியில் உள்ள எண் அது. மீதி வேலையைப் பின்னணியில் ஓடும் ஒரு தனி நிரல், அதாவது ஒர்க்கர், பார்த்துக்கொள்ளும். இதற்காக இன்றே க்யூ (வேலைகளை வரிசையில் வைக்கும்) மென்பொருள் எதையும் நிறுவவேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருந்தால், 2016இல் வந்த 9.5 பதிப்பிலிருந்தே ‘ஸ்கிப் லாக்டு’ வசதி இருக்கிறது; பல ஒர்க்கர்கள் ஒரே டேபிளிலிருந்து ஒன்றையொன்று இடிக்காமல் வேலை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு டேபிள் போதும். ஒன்று ஜாப்களுக்கு: எந்த நிலையில் இருக்கிறது, மொத்தம் எத்தனை பக்கம், எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது அசைந்தது. மற்றொன்று பக்கங்களுக்கு: ஜாப் எண், பக்க எண், நிலை, எத்தனை முறை முயன்றோம், மாடல் தந்த பதில், பிழை இருந்தால் அதன் விவரம். ஜாப் எண்ணும் பக்க எண்ணும் சேர்ந்த ஜோடிக்கு யூனிக் கட்டுப்பாடு (அதே ஜோடி இரண்டு முறை வரக்கூடாது என்ற விதி) கட்டாயம் போடுங்கள். ஒர்க்கர் நடுவில் செத்து, வேறொன்று அதே பக்கத்தை மறுபடி எடுத்தாலும் பொருட்கள் இரண்டு முறை சேராது. பிறகு வரும் மறுமுயற்சி, ரத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வது எல்லாமே இந்த இரண்டு டேபிளை நம்பித்தான் இருக்கின்றன. ‘முடிந்த பக்கங்கள்’ என்று தனியாக ஓர் எண்ணை வைத்துக் கூட்டிக்கொண்டே போவதைவிட, பக்க டேபிளில் முடிந்த வரிசைகளை எண்ணிச் சொல்வது நல்லது. மறுமுயற்சி நடக்கும்போது கூட்டும் எண் தடம் புரளும். எண்ணிச் சொல்வது புரளாது.

இனி சதவீதம். பதிவேற்றத்துக்கு மட்டும் உண்மையான பைட் கணக்கு உலாவியிலேயே கிடைக்கும். ஆனால் உலாவியின் ஃபெட்ச் வசதி அந்தக் கணக்கைத் தருவதில்லை. பழைய எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட்டின் அப்லோட் நிகழ்வுகளில்தான் வரும். பதிவேறிய பிறகு கோப்பைத் திறந்து பக்கங்களை எண்ணும்வரை சதவீதம் என்று எதையும் காட்டாதீர்கள். ‘ஆவணத்தைத் திறக்கிறோம்’ என்ற ஒரு வரியே உண்மை. பக்க எண்ணிக்கை தெரிந்த பிறகு சதவீதத்துக்கு அர்த்தம் வருகிறது. அப்போதும் சதவீதத்தைவிட எண்ணையே முன்னால் வைப்பேன்: “38 பக்கங்களில் 11 படித்தாயிற்று, இதுவரை 164 பொருட்கள்.” சப்ளையரிடம் ஏறக்குறைய 600 பொருட்கள் இருப்பது பயனருக்குத் தெரியும். 20 பக்கம் தாண்டியும் 9 பொருட்கள்தான் என்றால், ஏதோ தப்பு நடக்கிறது என்று நமக்கு முன்பே அவர் கண்டுபிடித்துவிடுவார். சதவீதத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

இது வெறும் அழகுபடுத்தல் என்று நினைத்துவிட வேண்டாம். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் குறி பயனருக்கு ஏன் தேவை என்பதை கணினி ஆராய்ச்சியாளர் பிராட் மையர்ஸ் 1985லேயே ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். ஏறத்தாழ 10 விநாடிக்கு மேல் போனால் மனிதர் கவனம் வேறு பக்கம் திரும்பிவிடும் என்ற வரம்பை, மென்பொருள் பயன்பாட்டு எளிமை குறித்த நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதினார். உங்கள் வேலை இரண்டு நிமிடம். பயனர் எழுந்து போகத்தான் போகிறார். அவர் திரும்பி வரும்போது, வேறு கணினியிலிருந்து வந்தாலும், அதே இடத்தைக் காட்ட முடிகிறதா என்பதே கேள்வி. அதற்காகத்தான் ஜாப் எண் யூஆர்எல்லில் இருக்கவேண்டும். ரியாக்டின் ஸ்டேட்டில் (திரைக் கோடின் தற்காலிக நினைவில்) மட்டும் இருந்தால் பக்கத்தை ரீலோட் செய்த நொடியில் போய்விடும்.

பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறியை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஒரு ப்ராஜெக்ட்டில் எல்லாம் சரியாக எழுதியிருந்தோம்: ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் டேபிளில் அப்டேட், திரைக்குச் செய்தி. ஆனாலும் பார் பூஜ்யத்திலேயே நின்று, கடைசியில் ஒரே தாவலாக 100க்குப் போனது. லாகில் பார்த்தால் அப்டேட்கள் வரிசையாக ஓடியிருந்தன. பாதி நாள் உலாவிப் பக்கக் கோடையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். விஷயம் வேறு: இறக்குமதி முழுவதும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் (எல்லாம் முடிந்தால்தான் மொத்தமாகப் பதிவாகும் தொகுப்புக்குள்) ஓடிக்கொண்டிருந்தது. கமிட் ஆகாத, அதாவது இறுதியாகப் பதிவாகாத, மாற்றம் மற்ற இணைப்புகளின் கண்ணுக்குத் தெரியாது. மற்ற இணைப்புகளுக்குத் தெரிவிக்கும் போஸ்ட்கிரெஸின் நோட்டிஃபை செய்தியும் கமிட் ஆன பிறகுதான் வெளியே போகும். ப்ராக்ரஸ் விவரம் உண்மையாகவே டேட்டாபேஸில் இருந்தது. படிக்கத்தான் யாராலும் முடியவில்லை. பக்கத்துக்கு ஒரு சின்ன டிரான்ஸாக்ஷன் என்று மாற்றியதும் சரியானது. ‘பாதியில் நின்றால் பாதிப் பொருட்கள் டேபிளில் கிடக்குமே’ என்று அப்போது ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் வரைவு டேபிள்; அதைக் கீழே சொல்கிறேன்.

செய்தியை உலாவிக்கு எடுத்துச் செல்ல முதலில் போலிங் போடுங்கள். இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஜாப் நிலையைக் கேட்கும் ஒரு சாதாரண ஜிஇடி அழைப்பு. இதைக் குறைவாக நினைக்கவேண்டாம். இரண்டு நிமிட வேலைக்கு மொத்தமே 60 அழைப்புதான். பொருட்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து சேர்வதைக் காட்ட ஆசைப்பட்டால் அப்புறம் எஸ்எஸ்இ (சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ்) முறைக்குப் போகலாம். சர்வரிலிருந்து உலாவிக்கு ஒருவழிப் பாதை. நமக்குத் தேவையும் அவ்வளவுதான். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் ஐடி கொடுத்தால், இணைப்பு அறுந்து உலாவி தானாக மறுபடி இணையும்போது கடைசியாக வாங்கிய ஐடியை ஹெட்டரில் அனுப்பும். அங்கிருந்து நாம் தொடரலாம்.

எஸ்எஸ்இ உங்கள் கணினியில் அழகாக ஓடி, சர்வரில் ஏற்றியதும் ஊமையாகிவிடும். காரணம் பெரும்பாலும் என்ஜின்எக்ஸின் பஃபரிங். அது பதிலைச் சேர்த்து வைத்துத்தான் அனுப்பும். அந்தப் பாதைக்கு மட்டும் பஃபரிங்கை நிறுத்துங்கள், அல்லது ‘எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங்’ ஹெட்டரில் ‘நோ’ என்று அனுப்புங்கள். பதிலை ஜிசிப் முறையில் சுருக்கும் மிடில்வேர் (நடுவில் ஓடும் கோடு) இருந்தால் அதுவும் இதே தொல்லையைத் தரும். மாடல் ஒரு பக்கத்தை நீண்ட நேரம் யோசித்துக்கொண்டிருக்கும்போது இணைப்பு மௌனமாக இருந்து அறுந்துவிடாமல் இருக்க, 15 விநாடிக்கு ஒருமுறை முக்காற்புள்ளியில் தொடங்கும் ஒரு வெற்றுக் குறிப்பு வரியை அனுப்பிக்கொண்டிருங்கள். எச்டிடிபி 1.1இல் ஒரே தளத்துக்கு உலாவி ஆறு இணைப்புகளுக்கு மேல் திறக்காது. பயனர் ஏழு டேபில் இறக்குமதித் திரையைத் திறந்தால் ஏழாவது டேப் அசையாது. எச்டிடிபி 2 இருந்தால் இந்தக் கவலை பெரிதாக இல்லை. இன்னொன்று: வேலை முடிந்து சர்வர் இணைப்பை மூடினால், உலாவி அதை அறுந்துபோனதாக எண்ணி மறுபடி இணையும். ‘முடிந்தது’ செய்தி வந்ததும் உலாவிப் பக்கத்திலேயே மூடிவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும், திரை திறந்தவுடன் ஜாபின் தற்போதைய நிலையை முழுதாக ஒருமுறை வாங்குங்கள்; அதன் பிறகு வரும் செய்திகளை அதன்மேல் சேர்த்துக்கொண்டு போகலாம். செய்திகளை மட்டும் நம்பினால் நடுவில் விட்டுப்போன ஒன்று கடைசிவரை விட்டுப்போனதாகவே இருக்கும்.

அடுத்து ஆவணம். பிடிஎஃப் கோப்புக்குள் பத்தி, டேபிள் என்று நாம் நினைக்கும் எதுவும் பொதுவாக இருக்காது. இந்த எழுத்து வடிவத்தை இந்த இடத்தில் வை என்ற கட்டளைகள்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்து, படிக்கும்படியான எழுத்து அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுத்தே வராமல் ஒரே பெரிய படம் மட்டும் இருந்தால் அது ஸ்கேன். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் ஓசிஆருக்கோ, படத்தையே படிக்கும் மாடலுக்கோ அனுப்பவேண்டும். இந்த முடிவைக் கோப்பு முழுவதற்கும் சேர்த்து எடுக்காமல் பக்கத்துக்குப் பக்கம் எடுங்கள். முதல் பத்துப் பக்கம் அச்சு, கடைசி இரண்டு பக்கம் கைப்பேசியில் எடுத்த படம் என்று கலந்து வரும் கோப்புகள் மிகச் சாதாரணம். ஸ்கேன் பக்கத்துக்கு நேரமும் அதிகம், அதையும் திரையில் சொல்லிவிடலாம்: “இது ஸ்கேன் செய்த பக்கம், சற்று நேரமாகும்.”

தமிழ் ஆவணங்கள் வந்தால் இன்னொரு சிக்கல். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சான பிடிஎஃபிலிருந்து எழுத்தை உருவினால் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். ‘எழுத்து இருக்கிறது’ என்று மட்டும் பார்க்கும் சோதனையை அது தாண்டிவிடும். யூனிகோடாக இருந்தாலும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி ஆகியவை கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி மெய்யெழுத்துக்கு முன்னால் வந்து விழுவது உண்டு. இப்படிப்பட்ட பக்கங்களைத் தயங்காமல் படமாக்கிப் படிக்க வையுங்கள். ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறி ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கப்படலாம். ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றாவிட்டால் ஒரே பொருள் இரண்டு பொருளாகப் பதிவாகும்.

பக்கம் பக்கமாகப் பிரித்தால் ஓரத்தில் வெட்டுப்படும். பொருளின் பெயர் 11ஆம் பக்கத்தின் அடியில், விலை 12ஆம் பக்கத்தின் தலையில் என்று வரும். நான் செய்வது: ஒவ்வொரு பக்கத்தோடும் முந்தைய பக்கத்தின் கடைசிச் சில வரிகளையும், டேபிளின் தலைப்பு வரிசையையும் சேர்த்து அனுப்பி, ‘முந்தைய பகுதி புரிந்துகொள்ள மட்டும், இந்தப் பக்கத்தில் முடியும் வரிசைகளை மட்டும் கொடு’ என்று சொல்வேன். தலைப்பு வரிசை பல பட்டியல்களில் முதல் பக்கத்தில் மட்டுமே இருக்கும். அதை மற்ற பக்கங்களுக்கு எடுத்துப்போகாவிட்டால் எது மொத்த விலை, எது சில்லறை விலை என்று மாடல் ஊகிக்கத் தொடங்கிவிடும்.

ஊகம்தான் இந்த வேலையில் உள்ள பெரிய ஆபத்து. ஒரு பட்டியலில் நாற்பது வரிசைக்கு நடுவில் ஒரு வரிசையில் மட்டும் விலைக்குப் பதில் ‘கேட்டுத் தெரிந்துகொள்ளவும்’ என்று அச்சிட்டிருந்தது. மாடல் அதற்கு மேல் வரிசையின் விலையை அப்படியே இறக்கிக் கொடுத்திருந்தது. மாடல் தந்த ஜேசான் (புலம் புலமாக அமைந்த தரவு) ஒழுங்காக இருந்தது, ஸ்கீமா (அந்தத் தரவின் அமைப்பு விதி) சோதனை தேறியது, விலையும் நம்பும்படியாகவே இருந்தது. விலைப் புலத்தை கட்டாயப் புலம் என்று ஸ்கீமாவில் நாங்கள் வைத்ததுதான் காரணம். ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று நாமே மாடலை நெருக்கியிருந்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு புலத்திலும் ‘நல்’ (null, அதாவது மதிப்பு இல்லை) என்பதையும் அனுமதிக்கிறேன். கூடவே ஆவணத்தில் அந்த வரிசை எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்து மாறாமல் ஒரு ‘ஆதார வரி’யையும் கேட்கிறேன். பிறகு சாதாரணக் கோடு, அந்த ஆதார வரி பக்கத்தின் எழுத்தில் உண்மையாகவே இருக்கிறதா, விலை அந்த வரிக்குள் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும். இல்லை என்றால் அந்த வரிசைக்கு மஞ்சள் குறி. மேலே சொன்ன தவறு இந்தச் சோதனையில் உடனே மாட்டியிருக்கும். ஸ்கேன் பக்கங்களில் ஒப்பிட எழுத்து இல்லாததால், ஓசிஆர் எழுத்தோடு சற்றுத் தளர்வாக ஒப்பிடவேண்டும்.

விலையை எண்ணாகக் கேட்காமல் ஆவணத்தில் உள்ளபடி எழுத்தாகக் கேளுங்கள். 1.250 என்பது சில நாடுகளின் வழக்கில் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. வேறு இடங்களில் ஒன்றே கால். அதை முடிவு செய்வது, முழுப் பட்டியலையும் பார்க்க முடிகிற உங்கள் கோடின் வேலை. மாடலின் பதில் முடிந்து நின்றதா, டோக்கன் வரம்பு (பதிலின் நீள வரம்பு) தட்டி நின்றதா என்பதையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். நெருக்கமாக அச்சிட்ட பக்கத்தில் நூற்றுக்கு மேல் வரிசைகள் இருக்கலாம். பதில் பாதியில் வெட்டுப்பட்டால் அந்தப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து மறுபடி அனுப்பவேண்டும். ஆவணத்துக்குள் ‘மேலே சொன்னதை மறந்துவிட்டு இதைச் செய்’ என்பது போன்ற வரிகள் ஒளிந்திருக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும். படிக்கும் மாடலுக்கு டூல் (வேறு செயல்களைச் செய்யவைக்கும் வசதி) எதையும் கொடுக்காதீர்கள். ஜேசான் தருவது மட்டுமே அதன் வேலை.

பக்கங்களை நான்கைந்தாக ஒரே நேரத்தில் அனுப்பலாம். நேரம் நன்றாகக் குறையும். 429 (அழைப்புகள் அளவுக்கு மேல் வருகின்றன என்ற பதில்) வந்தால் ஒவ்வொரு முறையும் காத்திருப்பை இரட்டித்து, அதில் கொஞ்சம் தற்செயல் விநாடிகளையும் கலந்து மறுபடி முயலுங்கள். காத்திருக்கும்போது திரையும் அதைச் சொல்லட்டும்: “சேவை நெரிசலில் இருக்கிறது, 8 விநாடியில் மறுபடி முயல்கிறோம்.” மூன்று முறை முயன்றும் ஒரு பக்கம் தேறவில்லை என்றால் அந்தப் பக்கம் மட்டும் தோல்வி. 38இல் 37 பக்கம் நன்றாக வந்திருக்கும்போது மொத்தத்தையும் சிவப்பாகக் காட்டுவது பயனரின் இரண்டு நிமிடத்தைக் குப்பையில் போடுவது. “17ஆம் பக்கம் படிக்க முடியவில்லை” என்று சொல்லி, அதன் படத்தையும் ‘மறுபடி முயல்க’ பொத்தானையும் பக்கத்திலேயே வையுங்கள்.

பிரித்தெடுத்த எதுவும் நேராக உண்மையான பொருள் டேபிளுக்குப் போகக்கூடாது. எல்லாம் முதலில் வரைவு டேபிளில் சேரும். முன்பு கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: பாதியில் நின்றாலும் வரைவில்தான் நிற்கும், கடையின் கணக்கு கெடாது. பயனர் பார்த்து, திருத்தி, ‘சேர்’ என்று அழுத்தியதும் வரைவிலிருந்து உண்மை டேபிளுக்கு ஒரே டிரான்ஸாக்ஷனில் மாற்றுங்கள். அது ஒரு விநாடி வேலை. அங்கே ஒரே டிரான்ஸாக்ஷன்தான் சரி. சரிபார்க்கும் திரையில் இடப்பக்கம் ஆவணம், வலப்பக்கம் வரிசைகள். மஞ்சள் குறி உள்ளவை மேலே. 600 வரிசையையும் கண்ணால் பார்க்கச் சொன்னால் யாரும் பார்க்கமாட்டார்கள். சந்தேகமான 14ஐ மட்டும் காட்டினால் பார்ப்பார்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பைச் சேமித்தால், அதே கோப்பு மறுபடி வரும்போது ‘இதை ஏற்கெனவே இறக்குமதி செய்திருக்கிறீர்கள்’ என்று கேட்கலாம். ரத்து என்றால் ஜாபில் ஒரு கொடி. ஒர்க்கர் ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் அதைப் பார்த்துவிட்டுத் தொடரட்டும். கோப்பின் பெயரை நம்பாமல் முதல் பைட்களைப் பாருங்கள். இப்போதைய வேர்டு (docx) கோப்பு உள்ளே ஒரு சிப் (zip, சுருக்கிக் கட்டிய தொகுப்பு) தான். விரிக்கும்போது அளவுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் வாங்காது, 413 (அளவு மிகப் பெரிது என்ற பிழை) தந்துவிடும்; பெரிய கோப்பு என்றால் அதையும் மாற்றவேண்டும். திரைபடிப்பான் வைத்திருப்பவர்களுக்காக உலாவியின் சொந்த ப்ராக்ரஸ் உறுப்பையே பயன்படுத்துங்கள், நிலை வரி மாறும்போது அதைப் படித்துச் சொல்ல வைக்கும் ஏரியா-லைவ் பண்பை ‘பொலைட்’ என வையுங்கள். ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அறிவிக்காமல் கால்வாசி, பாதி, முக்கால் என்று மட்டும் அறிவிக்கட்டும்.

எல்லாம் எழுதி முடித்ததும் 38 பக்கக் கோப்பு ஒன்றைப் பதிவேற்றுங்கள். 17ஆம் பக்கம் ஓடும்போது ஒர்க்கரைக் கொன்றுவிடுங்கள். டேபை மூடி, வேறு உலாவியில் அதே ஜாப் முகவரியைத் திறந்து, ஒர்க்கரை மறுபடி கிளப்புங்கள். அதுவரை முடிந்த பக்கங்களைத் திரை சரியாகக் காட்டி, முடியாத பக்கங்களிலிருந்து வேலை தொடர்ந்து, கடைசியில் எந்தப் பொருளும் இரண்டு முறை வராமல் இருந்தால் பயனர்களிடம் கொடுத்துவிடலாம்.